சுகர் உள்ள முதியவர் விழுந்தால் தரையை மட்டும் குறை சொல்லாதீர்கள்

வீட்டுப் பெரியவர் ஒருவர் விழுந்துவிட்டால் பாத்ரூமைத்தான் முதலில் சரிசெய்கிறோம். வழுக்காத டைல்ஸ், சுவரில் கைப்பிடி, இரவு விளக்கு எல்லாம் தேவைதான். ஆனால் நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர் விழுவதற்கான காரணம் பல நேரம் அவர் உடம்பிலும் மாத்திரை டப்பாவிலும் இருக்கிறது. அங்கே தேடாமல் விடுவதுதான் பெரிய தவறு.

சுகரை அளவுக்கு மீறி இறக்குவது

வயதாக ஆகச் சிறுநீரகம் தளரும். சுகரை இறக்கும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் வேகம் உடம்பில் நீடிக்கும். இரவு அரை இட்லியோடு எழுந்துவிட்டு மாத்திரையை மட்டும் முழுதாகப் போட்டால், விடியற்காலையில் சுகர் 70-க்குக் கீழே போய்விடலாம். கழிவறைக்கு எழும்போது விழுவார். கிளிபென்கிளமைடை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். வேறு பல நோய்களும் உள்ள முதியவருக்கு மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c) 8 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகப் போதும். இன்சுலினோ இந்த மாத்திரைகளோ எடுப்பவருக்கு அது 6.2 என்று வந்தால், மருந்தைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தலைசுற்றல் என்றதும் பித்தம், வயசு என்று சொல்லிவிடாமல் உட்காரவைத்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். பிரஷருக்கு மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை போடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே சுகர் இறங்கலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், ஏறக்குறைய மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரை போடுபவருக்குச் சீனியோ மிட்டாயோ உடனே உதவாது. சீனியைக் குடலில் உடைக்கும் நொதியை அந்த மாத்திரை தடுத்துவிடும். அவருக்கு குளுக்கோஸேதான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

உட்காரவைத்து மட்டும் பிரஷர் பார்ப்பது

சர்க்கரை நோய், எழுந்து நிற்கும்போது ரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளையும் கெடுக்கும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் மறுபடி பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதுவே விழுவதற்குப் போதுமான காரணம். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், நீர் மாத்திரைகள், சுகருக்குத் தரும் டபாகிளிஃப்ளோசின் ஆகியவை இதைக் கூட்டலாம். இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழ வேண்டும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது.

எரிச்சல் இல்லையென்றால் கால் நலம் என்று நம்புவது

வலியே இல்லாமலும் பாதம் உணர்விழக்கும். செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுவது இரண்டும் தெளிவான அடையாளங்கள். வருடம் ஒருமுறை 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற இழையால் பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல வருடம் மெட்ஃபார்மின் போடுபவருக்கு பி12 குறைந்தும் நரம்பு கெடலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் ஆகியவையே மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ரப்பர் ஹவாய் செருப்பு வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டை வைத்த எம்.சி.ஆர் (மெத்தென்ற ரப்பர்) செருப்பை வீட்டுக்குள்ளும் போடட்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுவதையும் நிறுத்துங்கள், அது ஆளின் எடையைத் தாங்காது.

விழுந்துவிடுவாரோ என்று நடக்கவே விடாமல் வைப்பது அன்பினால்தான். ஆனால் தொடைத் தசை வற்றினால் அடுத்த முறை இன்னும் எளிதாக விழுவார். உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஒருவர் பக்கத்தில் நிற்க, பத்து முறை உட்கார்ந்து எழப் பழக்குங்கள்.

விழுந்தவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடாதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். எலும்பு அடர்த்திச் சோதனை முன்பு சரியாக வந்திருந்தாலும் நம்பாதீர்கள்; சர்க்கரை நோயில் அடர்த்தி குறையாமலே எலும்பு முறியலாம். தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவரானால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.