டிஎல்சி கோட்டிங் உரிந்ததற்குக் காரணம் அடியில் இருந்தது

அதிக லோடு தாங்கும் ஸ்டீல் பின் ஒன்றில் டிஎல்சி கோட்டிங் (வைரம் போலக் கடினமான, மெல்லிய கார்பன் படலம்) அடிக்கடி உரிந்துகொண்டே இருந்தது. ஆயிலில் கறுப்புச் செதில்கள். லோடு விழும் பக்கம் மட்டும்தான் உரியும், மறுபக்கம் புதிது போலவே இருக்கும்.

ஆயிலை மாற்றினேன், பலனில்லை. கோட்டிங்கைத் தடிமனாக்கினால் இன்னும் சீக்கிரம் உரிந்தது. தடிமன் கூடினால் கோட்டிங்குக்குள் இருக்கும் அழுத்தமும் சேர்ந்து அதை ஸ்டீலிலிருந்து பிடுங்கப் பார்க்கும்.

அப்புறம்தான் லென்ஸில் உரிந்த இடத்தின் ஓரத்தைப் பார்த்தேன். கோட்டிங் தேயவே இல்லை. அடியிலிருந்த ஸ்டீல் லேசாகக் குழிந்திருந்தது. மெத்தைமேல் வைத்த கண்ணாடி மாதிரி, அடி அமுங்கியதும் மேலே விரிசல். பின்னை வெட்டி ஹார்ட்னெஸ் பார்த்தால், கோட்டிங்குக்கு முன் 62 ராக்வெல் சி (கடினத்தை அளக்கும் அளவுகோல்), அதற்குப் பிறகு 58. பேரிங் ஸ்டீலை 160 டிகிரியில்தான் டெம்பர் (கடினமாக்கிய ஸ்டீலை மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துவது) செய்திருந்தார்கள். கோட்டிங் அறையின் சூடோ 250. டெம்பர் செய்த சூட்டைத் தாண்டியதால் அங்கேயே ஸ்டீல் கடினம் குறைந்து இளகிவிட்டது. வரைபடத்தில் இருப்பது கோட்டிங்குக்கு முந்தைய எண் என்பதால் யார் கண்ணிலும் இது படாது.

550 டிகிரியில் டெம்பர் செய்த ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு மாறினேன். நன்றாகப் பாலிஷ் செய்து, குரோமியம் அடிப்படலத்தின்மேல் 2 மைக்ரான் கோட்டிங் போதும் என்றேன். அதே லோடில் ஓடுகிறது, ஆயிலில் செதில் இல்லை. நிம்மதி!