வேலை மாறும் முடிவைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வது எப்படி

முப்பது ஆண்டுகள் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெற்றோரிடம், சேர்ந்த மூன்றாம் ஆண்டே வேலையை விடப் போவதாகச் சொன்னால், பெரும்பாலும் முதலில் வருவது "இந்த வேலைக்கு என்ன குறைச்சல்?" என்ற கேள்விதான். அதற்குச் சம்பள உயர்வையும் பதவியையும் அடுக்குவதால் பயனில்லை. நாளை உடம்புக்கு முடியாமல் போனால், நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தால், வயதான பின் வருமானம் நின்றுபோனால் யார் தாங்குவார் என்பதே அவர்களுடைய கவலை. உங்கள் பேச்சு அந்தக் கவலைக்கான பதிலாக அமைய வேண்டும்.

ஆகவே முடிவைச் சொல்வதற்கு முன், அவர்கள் வேலைக்குச் சேர்ந்த கதையை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். பள்ளிச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, பதிவு மூப்பு வருமென்று காத்திருந்தவர்கள் அவர்கள். முழுப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகவும், அவருக்குப் பின் துணைக்குக் குடும்ப ஓய்வூதியமும் கிடைத்த ஏற்பாட்டில், "கோழி மேய்த்தாலும் கவர்மென்டில் மேய்க்க வேண்டும்" என்று சொன்னதில் தெளிவான கணக்கு இருந்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தின் (ஊழியரும் தன் சம்பளத்திலிருந்து பங்கு செலுத்தும் திட்டம்) கீழ் கொண்டுவரப்பட்டார்கள் என்பதையும், பெற்றோருக்கு இருந்த உறுதி உங்கள் தலைமுறைக்கு அப்படியே வந்து சேரவில்லை என்பதையும் இந்த இடத்தில் பணிவாகச் சொல்லலாம்.

அடுத்து, காகிதங்களோடு உட்காருங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கை எடுத்துக் காட்டி, அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நீங்கள் செலுத்தும் 12 விழுக்காட்டையும் நிறுவனம் செலுத்தும் பங்கையும் தனித்தனியே விளக்குங்கள். நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். வேலை மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணின்கீழ் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய பணிக்காலமும் கணக்கில் சேரும். ஐந்தாண்டு முடியும் முன் எடுத்தால் பொதுவாக வரியும் கட்ட நேரும். நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைப்பதும் பொதுவாக ஐந்தாண்டுக்குப் பிறகுதான் என்பதால், அந்த எல்லைக்குச் சில மாதங்களே இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். பிள்ளை தன் கணக்கைத் தானே இவ்வளவு துல்லியமாக வைத்திருப்பதைப் பார்த்தாலே அவர்களுடைய அச்சம் பாதி அடங்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மருத்துவக் காப்பீட்டைத் தனியாகப் பேசுங்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் பணி முடியும் நாளோடு நின்றுவிடும். புதிய இடத்தில் பெற்றோரைச் சேர்க்க வழியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, இல்லையென்றால் அவர்களுக்குத் தனியாக ஒரு காப்பீடு எடுத்துவிட்டு அந்த விவரத்தோடு போங்கள்.

பேச்சை ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, நேரில், உறவினர் யாரும் இல்லாத வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்டு வந்து சொன்னால் அது வெறும் அறிவிப்பாகிவிடும்; கேட்டுச் செய்யவில்லையே என்ற வருத்தம் வேலையைப் பற்றிய வருத்தத்தைவிட நெடுநாள் நிற்கும். "அப்பா, இன்னும் கடிதம் கொடுக்கவில்லை, நீங்கள் இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று புதிய நிறுவனத்தின் ஆஃபர் லெட்டரை அவர் கையிலேயே கொடுங்கள். அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்தவர்கள் கூர்ந்து படிப்பார்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அந்தக் காலத்தில் எத்தனை நாள் நோட்டீஸில் வெளியே அனுப்பலாம், மொத்தச் சம்பளம் என்று போட்டிருப்பதில் மாதாமாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நீங்கள் கேட்கத் தவறியவையாக இருக்கும். பதில் தெரியாதவற்றைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே கடிதம் கொடுங்கள்.

வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தாலோ, வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தாலோ, அந்தக் காரியம் முடியும்வரை பொறுக்கச் சொல்வார்கள். புதிய நிறுவனம் சேரும் தேதியைத் தள்ளித் தருமானால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். தராதென்றால் கடிதத்தில் உள்ள தேதியைக் காட்டிச் சொல்லுங்கள்.