பேட்டரி ப்ராஜெக்ட் நியூஸ் வந்தா எப்படி படிக்கணும்

"100 மெகாவாட் பேட்டரி வருது"ன்னு ஒரே ஒரு நம்பரோட நியூஸ் வந்தா அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, ரெண்டு நம்பர் வேணும். மெகாவாட்னா ஒரு நேரத்துல எவ்ளோ வேகமா கரண்ட்ட வெளிய விட முடியும், மெகாவாட் அவர்னா உள்ள மொத்தமா எவ்ளோ இருக்கு. மெகாவாட் அவர் நம்பர தேடிப்பிடிச்சு மெகாவாட்டால வகுங்க, முழு வேகத்துல விட்டா எத்தன மணி நேரம் தாங்கும்னு வந்துடும். தெற்கு ஆஸ்திரேலியால 2017 கடைசில ஓட ஆரம்பிச்ச ஹார்ன்ஸ்டேல் பேட்டரி அப்போ 100 மெகாவாட், 129 மெகாவாட் அவர், வகுத்தா சுமார் 77 நிமிஷம்.

இவ்ளோதானான்னு உடனே கிண்டல் பண்ண வேணாம், அது எந்த வேலைக்கு வச்சதுன்னு அடுத்து பாக்கணும். கிரிட்ல (ஊரெல்லாம் கரண்ட் கொண்டு போற லைன் வலைப்பின்னல்ல) உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமா இருக்கணும், எங்கயாச்சும் ஒரு பெரிய யூனிட் டிரிப் ஆச்சுன்னா, அதாவது திடீர்னு நின்னு போச்சுன்னா, 50 ஹெர்ட்ஸ்ல (சில நாட்டுல 60) நிக்க வேண்டிய ஃப்ரீக்வென்சி (கரண்ட் நொடிக்கு எத்தன சுத்து அடிக்குதுங்கற கணக்கு) இறங்க ஆரம்பிச்சுடும், நிலக்கரி பிளான்ட் லோட ஏத்தி வர்றதுக்கு நேரம் பிடிக்கும், பேட்டரிக்கு ஒரு நொடி கூட வேணாம். அதே 2017 டிசம்பர்ல பக்கத்து விக்டோரியா மாநிலத்து லாய் யாங் நிலக்கரி பிளான்ட்ல ஒரு யூனிட் டிரிப் ஆகி சுமார் 560 மெகாவாட் போச்சு, ஹார்ன்ஸ்டேல் சட்டுனு உள்ள வந்துச்சு, ஆனா அது குடுத்தது வெறும் 7 மெகாவாட் சொச்சம். பேட்டரிதான் கிரிட்டயே காப்பாத்துச்சுன்னு எழுதினதெல்லாம் ஓவர், அதுல அசத்துனது வேகம்தான், அளவு இல்ல.

இன்னொரு வேலை, மதியம் மிஞ்சற சோலார சேத்து வச்சு சாயங்காலம் விடறது. இதுக்கு மணிக்கணக்கு முக்கியம், கலிஃபோர்னியால பெரும்பாலும் 4 மணி நேர பேட்டரிதான் போட்டிருக்காங்க.

"இத்தன லட்சம் வீட்டுக்கு கரண்ட்"னு போட்டிருந்தா அந்த வரிய தாண்டி போய்டுங்க. பேட்டரி எதையும் உற்பத்தி பண்றதில்ல, 100 யூனிட் ஏத்துனா சுமாரா 85 தான் திரும்ப வரும். வருஷம் போகப்போக கொள்ளளவும் தேயும், அத ஈடு கட்ட புது செல் சேப்பாங்களான்னு ஒரு வரி இருக்கான்னு தேடுங்க, பாதி நியூஸ்ல இருக்காது.

தீ விபத்து பயம் இருந்தா எந்த கெமிஸ்ட்ரி (செல்லுக்குள்ள என்ன ரசாயனம்), எப்படி அடுக்கிருக்காங்கன்னு பாருங்க. 2025 ஜனவரில கலிஃபோர்னியா மாஸ் லேண்டிங்ல எரிஞ்சது பழைய பவர் பிளான்ட் கட்டடத்துக்குள்ள நெருக்கி அடுக்குன நிக்கல் வகை லித்தியம் பேட்டரி. இப்ப வர்றது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சூடு கொஞ்சம் தாங்கும், வெளில கன்டெய்னர் கன்டெய்னரா இடைவெளி விட்டு வைக்கறாங்க, ஒண்ணு எரிஞ்சாலும் பக்கத்துல தாவறது கஷ்டம்.

வாரக்கணக்குல காத்தும் வெயிலும் இல்லாம போனா பேட்டரிதான் தீர்வுன்னு யாராச்சும் எழுதிருந்தா அந்த வகுத்தல இன்னொரு தடவ போட்டு பாருங்க, பெரும்பாலும் சில மணி நேரம்தான் வரும்.