முதல் பைக்: புளியரை மேட்டில் உங்கள் இடது கால் ஊன்றுமா?

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் சாலையில், புளியரை தாண்டியதும் 'எஸ்' வளைவு வரும். பாரம் ஏற்றிய லாரி அங்கே மூச்சுத் திணறி நின்றுவிட்டால், பின்னால் வருகிற அத்தனை பேரும் மேட்டில் நிற்க வேண்டியதுதான். என் 34-வது வயதில், வண்டி வாங்கிய பதினோராம் நாள், அந்த இடத்தில்தான் விழுந்தேன். வேகமாகப் போகவில்லை. நின்றுகொண்டிருந்தேன். வண்டி பின்னால் உருளாமல் இருக்க வலது கால் பிரேக்கில் இருந்தது. இடது காலை ஊன்றப் போனால், சாலையோரம் சரிந்திருந்ததால் தரை இரண்டு அங்குலம் கீழே கிடந்தது. கால் துழாவிய அந்த ஒரு நொடியில் வண்டி சாய்ந்தது. என்னைப் போல மூன்று மடங்கு எடை. சாய ஆரம்பித்தபின் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை.

எஸ்டேட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். 'பைய, பைய' (மெதுவாக) என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சொல் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். கிளட்ச் லிவர் உடைந்தது. கணுக்கால் வீங்கி மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன்.

அது நல்ல வண்டிதான். வண்டி ஓட்டத் தெரியாத ஒருவர் முதல் வண்டியாக அதை வாங்கியதுதான் தவறு. முப்பது வயதுக்கு மேல் முதன்முறையாக பைக் வாங்குகிற பலர் இதையே செய்கிறோம். கையில் காசு இருக்கிறது, இருபது வயதில் ஆசைப்பட்ட வண்டி மனதில் இருக்கிறது. மூன்று வருடம் ஓட்டிப் பழகிய பிறகு பொருந்தப்போகிற வண்டியை முதல் நாளே வாங்கி விடுகிறோம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது எடையும் இருக்கை உயரமும்தான். ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ, இருக்கை 785 மில்லிமீட்டர் உயரம். இப்போது வருகிற புல்லட் 350-இன் எடை 195 கிலோ, இருக்கை 805 மில்லிமீட்டர். உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், எடையிலோ 83 கிலோ. ஓடும்போது அந்த 83 கிலோ தெரியாது. நிறுத்தும்போதும், மேட்டில் திருப்பும்போதும், வீட்டுப் படியோரம் பின்னால் தள்ளும்போதும்தான் தெரியும்.

உயரத்தை மில்லிமீட்டரில் மட்டும் பார்த்தாலும் ஏமாந்து போவோம். இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் எட்டுகிற தூரம் குறையும். நீங்கள் தினமும் போடுகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு உட்காருங்கள். இரண்டு பாதங்களின் முன்பாதியும் அழுத்தமாகத் தரையில் பதிய வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் போதாது, ஏனென்றால் ஷோரூம் தரை சமதளம், நம் ஊர் சாலையோரம் அப்படியில்லை. வலது காலை பின் பிரேக்கில் வைத்து, இடது காலை மட்டும் ஊன்றி, வண்டியை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துத் தாங்கிப் பாருங்கள். பிறகு இறங்கி, பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். இதைச் செய்யும்போது விற்பனையாளர் பொறுமை இழக்கலாம். இழக்கட்டும். குட்டையானவர்களுக்கு அவெஞ்சர் போன்ற 737 மில்லிமீட்டர் இருக்கை உள்ள வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் அவை நீளமானவை, குறுகிய தெருவில் திருப்பக் கொஞ்சம் பழகவேண்டும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எடை குறைந்த வண்டிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பாதகம் உண்டு, அது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டுக்குள் புகும் வழிகளில் செங்கோட்டைக் கணவாயும் ஒன்று. ஆடி மாதம் திறந்த வயல்வெளியில் ஓட்டினால் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு கை தள்ளுவது போல இருக்கும். அதற்காகக் கனமான வண்டி வாங்கச் சொல்ல மாட்டேன். வேகத்தைக் குறைத்து, கைகளை விறைப்பாக்காமல் பிடித்தால் சமாளிக்கலாம். காற்றுக்காலத்தில் பெரிய விண்ட்ஷீல்டும் அகலமான சைடு பாக்ஸும் மட்டும் வேண்டாம்.

அடுத்தது சிசி, அதாவது எஞ்சின் கொள்ளளவு பற்றிய பேச்சு. '100 சிசி மலை ஏறாது தம்பி' என்று டீக்கடையில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். ஆரியங்காவு, கழுதுருட்டி பக்கம் காலையில் நின்று பாருங்கள், பால் கேனும் ரப்பர் ஷீட்டும் கட்டிக்கொண்டு எத்தனை 100 சிசி வண்டிகள் ஏறுகின்றன என்று தெரியும். தனியாகப் போகிறவருக்கு 100 முதல் 125 சிசி தாராளம். தினமும் பின்னால் ஒருவரை உட்காரவைத்துக் கணவாய் ஏறுவீர்கள் என்றால் 125 முதல் 150 சிசி வசதியாக இருக்கும், அடிக்கடி இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்காது. அதற்கு மேல் போவது ஆசைக்காக. ஆசை தவறில்லை, அதை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து.

ஏறுவதை யோசிக்கிறவர்கள் இறங்குவதை யோசிப்பதில்லை. இதில்தான் பிரேக் வருகிறது. 2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம், 125 சிசி வரையிலான வண்டிகளில் குறைந்தது சிபிஎஸ் இருக்க வேண்டும். சிபிஎஸ் என்றால், பின் பிரேக்கை அழுத்தும்போது முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். ஏபிஎஸ் என்றால், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கப் போகிற நேரத்தில் அதுவே பிரேக்கைச் சட்டென விட்டுவிட்டுப் பிடிக்கும். குற்றாலத்தில் சாரல் என்றால் கோட்டைவாசலில் மழை, ரப்பர் தோட்ட ஓரங்களில் ஈர இலை. புதிதாக ஓட்டுகிறவர் பயத்தில் பிரேக்கைச் சட்டென்று இறுக்கிவிடுவார். அவருக்கு ஏபிஎஸ் மிகவும் உதவும். 'சிங்கிள் சேனல்' என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும், 'டூயல்' என்றால் இரண்டுக்கும். 125 சிசி எடுக்கிறீர்களென்றால் முன்னால் டிஸ்க் உள்ள மாடலாகக் கேளுங்கள். நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறி, பிடிமானம் குறையும். கூடவே ஒன்று: பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறங்குகிறவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்கினால் பாதி வேலையை எஞ்சினே பார்த்துக்கொள்ளும். ஸ்கூட்டர்களில் இந்த எஞ்சின் பிடிப்பு குறைவு. தினமும் மலைச்சாலை என்றால் கியர் வண்டியே மேல் என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

லைசென்ஸ் விஷயத்தில் பெரியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கார் லைசென்ஸ் இருக்கிறதே, அது பைக்குக்கும் செல்லும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். செல்லாது. 'கியர் இல்லாத வண்டி' என்று மட்டும் போட்டிருக்கும் ஸ்கூட்டர் லைசென்ஸும் கியர் பைக்குக்குச் செல்லாது. அட்டையை எடுத்து என்ன வகை என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் முதலில் எல்.எல்.ஆர். போடுங்கள். அது 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். அந்த முதல் மாதம் சித்தப்பாவின் பழைய வண்டியிலோ, டிரைவிங் ஸ்கூல் வண்டியிலோ பழகுங்கள். பெரியவர் ஆனபின் மைதானத்தில் கற்றுக்கொள்ள வெட்கமாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் அந்த ஒரு மாதத்தில்தான் உங்களுக்கு என்ன வண்டி வேண்டும் என்பதே தெரியவரும். கிளட்ச்சைப் பாதி விட்டு மேட்டில் கிளப்பத் தெரியும் முன் வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். விளம்பரத்தில் இருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. சாலை வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையைத் தனித்தனி வரிகளாக எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காத கிராஷ் கார்டு, சீட் கவர், பாலிஷ் என்று ஏதாவது அதில் நுழைந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். பழைய விலைப் பட்டியலை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். புது வண்டிக்கு 5 வருட இன்ஷூரன்ஸ் என்பார்களே, அது மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான். உங்கள் வண்டிக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். தாளில் 5 வருடம் என்று பார்த்துவிட்டுப் புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

வண்டிக்கே எல்லாக் காசையும் கொட்டிவிட்டு, ஹெல்மெட்டை ரோட்டோரம் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உள்ள, கன்னம் வரை இறுகப் பிடிக்கிற முழுமுக ஹெல்மெட் வாங்குங்கள், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. எல்லை தாண்டுகிறவர்கள் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். 2023 ஜூன் முதல் கேரளத்தில் ஏஐ கேமரா அபராதம் நடைமுறையில் இருக்கிறது, பின்னால் இருப்பவரின் தலையையும் அது பார்க்கும். நான் விழுந்த அன்று தலையில் அடி படவில்லை. பக்கத்தில் தடுப்புக்கல் இருந்ததை எழுந்த பிறகுதான் பார்த்தேன்.

பழைய வண்டி வாங்குவது புதியவருக்கு நல்ல யோசனை, ஒரு கீறல் விழுந்தால் நெஞ்சு வலிக்காது. ஆனால் செங்கோட்டை, தென்காசி பக்கம் கே.எல். எண் உள்ள கேரள வண்டிகள் மலிவாகக் கிடைக்கும்போது நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே மழை அதிகம். டேங்கின் அடிப்பக்கம், பின்சக்கரத்தைத் தாங்கும் கம்பி, சைலன்சரின் அடிப்பாகம் என்று துருப்பிடிக்கும் இடங்களைத் தடவிப் பாருங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பத்தனம்திட்டா, செங்கன்னூர், ஆலுவா பக்கம் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அந்தக் காலத்து வண்டியென்றால் ஹெட்லைட் உள்ளேயும் சீட்டுக்கு அடியில் வயர் கனெக்டர்களிலும் வண்டல் தூள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டயர் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடு தட்டியிருந்தால் ஈரத்தில் பிடிக்காது.

காகிதம் இன்னும் முக்கியம். வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அங்கிருக்கும் ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதமும் அந்தப் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-உம் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். 'அப்புறம் வாங்கித் தாரேன்' என்ற பேச்சை நம்பி ஒன்றரை வருடம் அலைந்த நண்பர் எனக்கு இருக்கிறார்.

யாராவது தாத்தாவின் பழைய புல்லட்டைப் பாசமாகத் தந்தால் ஒன்று பாருங்கள். அந்தக் காலத்து புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும். அதில் பழகிவிட்டு வேறு வண்டியில் ஏறினால், அவசரத்தில் கால் தவறான பக்கம் மிதிக்கும். அதை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள், பழகுவதற்கு வேறு வண்டி எடுங்கள்.

என் பெரிய வண்டியை ஏழாம் மாதம் விற்றுவிட்டு, முன்னால் டிஸ்க் வைத்த 125 சிசி ஒன்று வாங்கினேன். ஊர் மெக்கானிக் அண்ணாச்சிதான் கூட வந்தார். ஷோரூமில் உட்கார்ந்து பார்த்ததோடு விடாமல், சாலைச் சரிவில் இடது பக்கம் தாழ்வாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, 'இப்ப ஊனுங்க' என்றார். ஊன்றினேன். குதிகால் வரை தரையில் பட்டது.