துப்பாக்கி வீட்டுக்கு வராமலே .22 கைத்துப்பாக்கிச் சேகரிப்பு

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு கைத்துப்பாக்கியை அலுமாரியில் அடுக்கிச் சேகரிக்க முடியாது. துப்பாக்கிகள் தொடர்பான 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வயல் காவலுக்கு வைத்திருக்கும் துப்பாக்கிக்கே ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். ஆனால் .22 கைத்துப்பாக்கிச் (0.22 அங்குல அளவுச் சிறு தோட்டா சுடுவது) சேகரிப்பில் பாதி இரும்பு, மீதிப் பாதி காகிதம். கையேடுகள், விலைப்பட்டியல்கள், பழைய சஞ்சிகை விளம்பரங்கள், காப்புரிமை வரைபடங்கள், தொழிற்சாலைக் கடிதங்கள் எல்லாம் அந்தக் காகிதப் பாதி. அதைக் கல்லடியிலோ கல்முனையிலோ இருந்தே முழுமையாகச் செய்யலாம். இரும்பு வேண்டுமென்றால், அதைச் சட்டப்படி வைத்திருக்கும் வெளிநாட்டு உறவினரிடமிருந்து படமாக வரட்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள். வெற்றுத் தோட்டா, மகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு), பிடித்தகடு, திருகாணி, பொம்மைத் துப்பாக்கி, துப்பாக்கி வடிவ லைற்றர் எதுவும் வேண்டாம். நமது மாவட்டங்களில் ஒரு வெற்றுத் தோட்டா வீட்டில் இருந்தாலே, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். வயலிலோ கிணறு வெட்டும்போதோ துருப்பிடித்த ஆயுதம் கண்ணில் பட்டால் அதைத் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு 119க்கு அறிவியுங்கள். அது சேகரிப்புப் பொருள் அல்ல. இணையத்தில் கையேடு வாங்கும்போதும் விற்பவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: அச்சுக் காகிதம் மட்டும், இலவசமாக ஒரு பாகமும் உள்ளே போட வேண்டாம். சுங்கப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வரிசையைப் பிடியுங்கள்

".22 எல்லாம்" என்று தொடங்குகிறவர் இரண்டு வருடத்தில் ஒரு பெட்டி கலவைக் காகிதத்தோடு நிற்பார். ஒரே ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் பார்வையில் புதியவருக்குப் பொருத்தமானது கோல்ட் வூட்ஸ்மன். ஜோன் பிரவுணிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டல் 1915இல் வெளிவந்தது. வூட்ஸ்மன் என்ற பெயர் 1927இல்தான் வந்தது. 1947 வரை முதலாம் தொடர், 1955 வரை இரண்டாம் தொடர், 1977 வரை மூன்றாம் தொடர். மகசினை விடுவிக்கும் பூட்டைப் பார்த்தே பாதிக் கணக்கு முடிந்துவிடும். முதலாம், மூன்றாம் தொடர்களில் அது பிடியின் அடியில் இருக்கும். இரண்டாம் தொடரில் விசைக் காப்பு வளையத்துக்குப் பின்னால் பெருவிரலால் அழுத்தும் பொத்தானாக இருக்கும்.

1932ஐ ஒட்டி இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை வந்தவை சாதாரண வேகத் தோட்டாவுக்கானவை. அவற்றில் பிடியின் பின்புற உறைத்துண்டில் சதுரக் கட்டம் கட்டமாகச் செதுக்கல் இருக்கும். அதிவேகத் தோட்டாவுக்கு ஏற்றவற்றில் அதே இடத்தில் குறுக்குக் கோடுகள் இருக்கும். வெளிநாட்டில் சுட வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு பாதுகாப்புச் சங்கதி. பழைய வகைத் துப்பாக்கியில் அதிவேகத் தோட்டா போட்டால், பின்சறுக்கி (சுடும்போது பின்னோக்கி ஓடும் மேற்பாகம்) அடித்து உலோகம் வெடிக்கலாம்.

கொஞ்சம் மலிவான வரிசை வேண்டுமென்றால் ரூகர் நிறுவனம். 1949இல் வந்த ஸ்டாண்டர்ட் பிஸ்டலின் ஆரம்ப விலை 37.50 டொலர். முதல் வருடங்களில் பிடியில் சிவப்புக் கழுகுச் சின்னம் இருந்தது. கூட்டாளி அலெக்ஸாண்டர் ஸ்ரேர்ம் 1951இல் இறந்ததும் கழுகு கறுப்பானது. 1953இல் வந்த சிங்கிள் சிக்ஸ் றிவோல்வரில் 1973 வரை இரும்பு உடற்சட்டத்தின் பக்கத்தில் மூன்று திருகாணிகள் தெரியும், அதன்பின் வந்த புதிய மாதிரியில் இரண்டு ஊசிகள் மட்டும். பழையவற்றை நிறுவனம் பாதுகாப்புக்காக இலவசமாக மாற்றிக் கொடுத்தது. மாற்றாதது, அல்லது கழற்றிய அசல் பாகங்கள் பையோடு இருப்பது, சேகரிப்பாளருக்கு ஒரு படி மேல்.

றிம்ஃபயர் எப்படி வேலை செய்கிறது

இது தெரியாமல் எந்தப் படத்தையும் வாசிக்க முடியாது. பெரிய தோட்டாக்களில் அடியின் நடுவில் தீமூட்டிக் குப்பி தனியாக இருக்கும். றிம்ஃபயரில் அது இல்லை. தீமூட்டி மருந்து ஈரப் பதத்தில் தோட்டாவுக்குள் இடப்பட்டு, தோட்டாவை வேகமாகச் சுழற்றும்போது அடிவிளிம்பின் மடிப்புக்குள் பரவும். சுடும் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் மருந்து தீப்பிடிக்கும். ஒரு பக்கம் மருந்து சரியாகப் பரவாமல் போனால் அந்தத் தோட்டா வெடிக்காது. எடுத்துத் திருப்பிப் போட்டு அடித்தால் வெடிப்பதும் உண்டு. விளிம்பு நசுங்க வேண்டும் என்பதால் சுவர் மெல்லிசாகத்தான் இருக்க முடியும், ஆகவே உள் அழுத்தத்தையும் கூட்ட முடியாது. இந்த வகை சிறிய அளவுகளில் நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.

.22 ஷோர்ட் 1857இல் ஸ்மித் அன்ட் வெசன் மொடல் 1 றிவோல்வரோடு பிறந்தது. .22 லோங் ரைபிள் 1887இல் ஸ்ரீவன்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. அதன் வழமையான ரவை (தோட்டாவிலிருந்து பாயும் குண்டு) 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம், ஷோர்ட்டின் ரவை 29 கிரெய்ன்.

இப்போது ஊசியைப் பாருங்கள். அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால், பல பழைய மாதிரிகளில் ஊசி நேராக அறை வாயின் இரும்பு விளிம்பில் அடிக்கும். அங்கே ஒரு சிறு பள்ளம் விழும், உலோகம் அறைக்குள் பிதுங்கும். அதன்பின் தோட்டா நுழையாது, நுழைந்தாலும் வெளியே வராது. ஆகவே படம் கேட்கும்போது அறை வாயை நெருங்கி எடுத்த படமொன்று கட்டாயம் கேளுங்கள். ஊசி படும் இடத்தில் வெளுத்த புள்ளி போல் தெரிந்தால் இதுதான் விஷயம். பிதுங்கிய உலோகத்தை நிமிர்த்தத் தனிக் கருவி இருக்கிறது. அரம் போட்டுத் தேய்த்தால் அறை கெட்டுவிடும்.

ரொறன்ரோவிலோ அமெரிக்காவிலோ உள்ள மச்சானிடம் படம் கேட்கும் ஒழுங்கு இது. முதலில் மகசினைக் கழற்றி, பிறகு அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் வெறுமையை உறுதி செய்யச் சொல்லுங்கள். வரிசை முக்கியம். மகசினைக் கழற்றியும் அறையில் ஒரு தோட்டா தங்கி நிற்கலாம். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், குழலின் எழுத்து, தொடரிலக்கம், அறை வாய், பிடித்தகட்டின் உட்புறம், மகசினின் அடித்தட்டு. வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து சரிவாக விழட்டும். பிளாஷ் அடித்தால் நீலப்பூச்சின் தேய்மானம் மறைந்துபோகும். மறுபூச்சு போட்டது படத்தில் பிடிபடும்: மூலைகள் மழுங்கியிருக்கும், திருகாணித் துளையின் ஓரம் குழிந்திருக்கும், எழுத்தின் ஒரு பக்கம் மங்கியிருக்கும். தொடரிலக்கத்தை முழுமையாக எங்கும் வெளியிட வேண்டாம்.

பதிந்த திகதியும் ஆளை ஏமாற்றும். மொடல் 1 சுழல் உருளையில் 1855 ஏப்ரல் 3 என்று பொறித்திருக்கும். அது ரோலின் வைற் பெற்ற காப்புரிமையின் திகதி. துப்பாக்கி செய்த திகதி அல்ல. பக்கத் தகடு வட்டமாக இருந்தால் 1857 முதல் 1860 வரையான முதல் வகை. தகடு பெரிதாகி ஒழுங்கற்ற வடிவெடுத்தது இரண்டாம் வகை. பிடி பறவைத் தலைபோல் வளைந்து, உருளையில் நீள்பள்ளங்கள் வந்தால் 1868இல் தொடங்கிய மூன்றாம் வகை. ரெமிங்டனின் இரட்டைக்குழல் டெரிஞ்சர் (சட்டைப்பையில் அடங்கும் சிறு கைத்துப்பாக்கி), .41 றிம்ஃபயர், 1866 முதல் 1935 வரை வந்தது. அதில் முதலில் பார்க்க வேண்டியது மேல் கீல். அந்தக் கீலின் காதுகளில் வெடிப்பு விழாத பழைய டெரிஞ்சர் அரிது.

உறவினர் புதிதாக வாங்கப் போவதாகச் சொன்னால் நாட்டுச் சட்டத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் கைத்துப்பாக்கிக் கைமாற்றம் முடக்கப்பட்டுள்ளது. 1898க்கு முன் செய்த றிம்ஃபயர் கைத்துப்பாக்கி அங்கே தொன்மைப் பொருள் ஆகலாம், ஆனால் .22 ஷோர்ட், லோங், லோங் ரைபிள் மூன்றுக்கும் அந்த விலக்கு இல்லை. ஆகவே பழைய டெரிஞ்சருக்குக் கிடைக்கும் சலுகை அதைவிடப் பழைய மொடல் 1க்குக் கிடைக்காது. பிரித்தானியாவில் 1997இன் இரண்டாவது திருத்தச் சட்டம் .22 கைத்துப்பாக்கிகளையும் தடைக்குள் கொண்டுவந்தது.

காகிதம்

பழைய கையேடு என்று விற்பதில் மறுபதிப்பு நிறைய. 10 மடங்கு உருப்பெருக்கி வைத்துப் படத்தைப் பாருங்கள்: ஒழுங்கான புள்ளி வரிசை இருந்தால் அச்சகம், மை தெறித்ததுபோல் இருந்தால் வீட்டுப் பிரிண்டர். காசு நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் பிடியுங்கள். 1925 என்று சொல்லப்பட்ட தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அது பிந்திய தாள், ஏனென்றால் வெண்மையூட்டும் இரசாயனம் காகிதத்துக்குள் பரவலாக வந்தது 1950ஐ ஒட்டித்தான். ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. விளம்பரத் துண்டுக்கு மறுபக்கத்தைப் பாருங்கள். சஞ்சிகையில் வெட்டியதென்றால் பின்னால் வேறு கட்டுரையின் பாதி இருக்கும். காப்புரிமை வரைபடங்களை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம், அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

வாவிக்கரை வீட்டில் காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். பொலியெஸ்டர் உறையில் தனித்தனியாக வையுங்கள். பீவீசீ உறை காலப்போக்கில் மையை உருவி ஒட்டிக்கொள்ளும். கவ்வி, ஸ்ரேப்பிள் இருந்தால் கழற்றுங்கள், துரு தாளுக்குள் இறங்கும். இறுக்கமாக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போட்டு, 45 முதல் 55 சதவீதத்தில் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறினால் 120 பாகை செல்சியஸ் அடுப்பில் இரண்டு மணிநேரம் காயவைத்து, ஆறியபின் திரும்பப் போடலாம். மாரி முழுக்கப் பெட்டியைத் திறக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒருமுறை திறந்து, நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல் பாருங்கள். பெட்டி நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் இரும்பு அலுமாரியின் நடுத்தட்டில் இருக்கட்டும். கறையானுக்கும் வெள்ளத்துக்கும் அதுதான் வழி.

புதிதாக வந்த தாளில் இராமபாணப் பூச்சி அரித்த தடம் தெரிந்தால் மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம். காற்றை அமுக்கி வெளியேற்றிய பொலித்தீன் பையில் கட்டி, வீட்டு பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு முழுநாள் அறை வெப்பத்தில் விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோர்த்து மை கலங்கிவிடும்.