பம்ப் ஓடியதும் பேஸ் எக்ஸஸ் இறங்கினால், முதலில் பிரைமைப் பாருங்கள்

பைபாஸ் ஆபரேஷனில் பம்ப் (ஹார்ட்-லங் மெஷின்) ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் பேஸ் எக்ஸஸ் (ரத்தத்தில் அமிலம் கூடினால் மைனஸில் இறங்கும் அளவு) மைனஸ் 6, 7 என்று இறங்கினால் உடனே பைகார்பை (அமிலத்தைக் குறைக்கும் சோடியம் பைகார்பனேட்டை) எடுக்காதீர்கள், அந்த அமிலத்தில் பெரும்பங்கு நாமே ஊற்றியதாக இருக்கலாம். பெரியவர்களுக்கு ஹார்ட்-லங் மெஷினின் குழாய்களை நிரப்பவே ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் திரவம் போகிறது (இதுதான் பிரைம்), பம்ப் ஓடத் தொடங்கியதும் அது அத்தனையும் ரத்தத்தில் கலக்கிறது.

நார்மல் சலைனில் லிட்டருக்குச் சோடியமும் 154 மில்லிமோல், குளோரைடும் 154. ரத்தத்திலோ சோடியம் சுமார் 140, குளோரைடு 103. இந்த இடைவெளியில்தான் பைகார்ப் நிற்கிறது (உடலியல் ஆய்வாளர் பீட்டர் ஸ்டூவர்ட் 1980களின் தொடக்கத்தில் விளக்கியது இதைத்தான்), சலைன் கலக்கக் கலக்க இடைவெளி சுருங்கும், பைகார்ப் குறையும். ட்ரிப்பில் ஏற்றும் மற்ற திரவங்களில், ரிங்கர் லாக்டேட்டில் குளோரைடு 110 அளவில், பிளாஸ்மாலைட்டில் 98. அதனால் பிரைமுக்கு இவற்றில் ஒன்றை எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பிளாஸ்மாலைட் போட்டாலும் ஆரம்பத்தில் கொஞ்சம் அமிலம் தெரியும், அதிலுள்ள அசிடேட்டும் குளுக்கோனேட்டும் உடலில் உடனே எரிந்து தீர்ந்துபோவதில்லை. பதற வேண்டாம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

பம்புக்கு முன்பே ஒரு ஏபிஜி (தமனி ரத்தப் பரிசோதனை) எடுத்து, குளோரைடையும் லாக்டேட்டையும் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறுவது) குறித்துக்கொள்ளுங்கள். பம்ப் ஓடியபின் எடுப்பதில் முதலில் கார்பன் டை ஆக்சைடைப் பாருங்கள், அது ஏறியிருந்தால் ஸ்வீப் கேஸை (மெஷினில் ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும் வாயு ஓட்டம்) கூட்டினாலே போதும். அப்புறம் சோடியத்திலிருந்து குளோரைடைக் கழியுங்கள். 38-ஐவிட நன்றாகக் குறைந்து, லாக்டேட் அசையாமல் இருந்தால் அது குளோரைடு செய்த வேலை, இனிப் போடும் திரவத்தை மாற்றுங்கள். லாக்டேட் ஏறிக்கொண்டே போனால் கதை வேறு: பம்ப் ஃப்ளோ, பிரஷர், வீனஸ் சாச்சுரேஷன் (திரும்பி வரும் ரத்தத்தில் மிஞ்சும் ஆக்சிஜன்), ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எல்லாவற்றையும் அப்போதே பாருங்கள், ரிங்கர் லாக்டேட் போட்டதால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள்.

பைகார்ப் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்வீப்பையும் சேர்த்துக் கூட்டுங்கள், பைகார்ப் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும், சோடியத்தையும் ஏற்றும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியத்துக்குப் பயந்து சலைன் போடுவது பல இடங்களில் இன்னும் வழக்கம். பிளாஸ்மாலைட்டில் இருப்பது லிட்டருக்கு 5 மில்லிமோல்தான், சலைன் உண்டாக்கும் அமிலமே செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரைமில் ரத்தம் சேர்ப்பதானால் ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருப்பதை மறக்காதீர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போடாமல் சிட்ரேட் சேர்த்த (ரத்த வங்கி) ரத்தத்தோடு அது கலந்தால் உறையக்கூடும். செல் சேவரில் (சிந்திய ரத்தத்தைச் சேகரித்துத் திருப்பித் தரும் கருவி) ரத்தத்தைக் கழுவுவதும் பெரும்பாலும் சலைனில்தான், அதையும் கணக்கில் சேருங்கள்.