லத்தீன் வினை "அக்ரெடியோர்": தாக்குதல், அணுகுதல், தொடங்குதல் (தொடக்கநிலைப் பாடம்)

சீசரைப் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இந்த வினை எதிர்ப்படும். பார்ப்பதற்குச் செயப்பாட்டு வினை, பொருளில் செய்வினை. 'தாக்கினான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'தாக்கப்பட்டான்' என்று எழுதிவிட்டால் போரில் வென்றவனும் தோற்றவனும் இடம் மாறிவிடுவார்கள். ஆகவே வடிவத்தை முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகு பொருளுக்குப் போவோம்.

படி 1: அகராதிப் பதிவைப் படித்தல்

அகராதியில் தேட வேண்டிய எழுத்துக்கள்: ஏ, ஜி, ஜி, ஆர், இ, டி, ஐ, ஓ, ஆர். சில பதிப்புகள் முதல் 'ஜி'க்குப் பதிலாக 'டி' போட்டு 'அட்க்ரெடியோர்' என்று அச்சிடும். இரண்டும் ஒரே சொல். ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள். இதில் வரும் 'க்' 'மங்கை'யில் ஒலிக்கும் ககரம். அழுத்தம் 'ரெ'யில் விழும்.

பதிவு இப்படி இருக்கும்: அக்ரெடியோர், அக்ரெடீ, அக்ரெஸ்ஸுஸ் ஸும். அதாவது 'தாக்குகிறேன், தாக்க, தாக்கினேன்'. சாதாரண வினைக்கு நான்கு உருவங்கள் தருவார்கள், இங்கே மூன்றுதான். முதல் உருவம் 'ஓர்' என்று முடிந்து, மொத்தம் மூன்றே இருந்தால் அது டெபோனென்ட் வினை: உடை செயப்பாட்டு வினையுடையது, வேலை செய்வினையுடையது.

சொல்லின் உறுப்புகள் 'அட்' (நோக்கி), 'க்ரடியோர்' (அடியெடுத்து வைக்கிறேன்). முன்னொட்டு சேர்ந்ததும் 'க்ரடி' 'க்ரெடி' ஆகிறது. இதே அடிச்சொல்லில் பிறந்தவை ப்ரோக்ரெடியோர் (முன்னேறு), ஏக்ரெடியோர் (வெளியேறு), இன்க்ரெடியோர் (நுழை), ரெக்ரெடியோர் (திரும்பிச் செல்). எல்லாம் ஒரே வாய்பாட்டில் நடப்பதால் இந்த ஒன்றுக்குச் செலவிடும் உழைப்பு அத்தனைக்கும் பயன்படும்.

படி 2: நிகழ்காலத்தை வாய்விட்டுச் சொல்லுதல்

அக்ரெடியோர் – தாக்குகிறேன்
அக்ரெடெரிஸ் – தாக்குகிறாய்
அக்ரெடித்துர் – தாக்குகிறான், தாக்குகிறாள், தாக்குகிறது
அக்ரெடிமுர் – தாக்குகிறோம்
அக்ரெடிமினீ – தாக்குகிறீர்கள்
அக்ரெடியுன்துர் – தாக்குகிறார்கள்

இது மூன்றாம் வாய்பாட்டின் 'இயோ' பிரிவு. பாடநூல்களில் 'பதியோர்' என்ற மாதிரி வினையின் கீழ் இருக்கும். இரண்டு இடங்களில் நாக்கு தடுமாறும். முன்னிலை ஒருமையில் 'டி' 'டெ' ஆகிறது. படர்க்கைப் பன்மையில் 'யு' நுழைகிறது. எதிர்காலத்தில் அக்ரெடியர் என்பதற்குப் பின் அக்ரெடியேரிஸ், அக்ரெடியேத்துர் என்று நெடில் ஏகாரம் வரும். 'அக்ரெடெரிஸ்' தாக்குகிறாய், 'அக்ரெடியேரிஸ்' தாக்குவாய். இந்த இரண்டில் நடுவில் 'யே' கேட்டால் எதிர்காலம்.

ஏவல் ஒருமை 'அக்ரெடெரெ'. இதைப் பலர் 'தாக்க' என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் 'கபெரெ' (பிடிக்க) போன்ற சாதாரண வினைகளில் 'எரெ' என்ற முடிவு அந்தப் பொருளைத் தரும். டெபோனென்ட் வினையில் 'தாக்க' என்பது 'அக்ரெடீ'. ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நான்காம் எக்லோகில் (முல்லைநிலக் கவிதை) வரும் 'அட்க்ரெடெரெ' ஓர் ஏவல்: பிறக்கப்போகும் குழந்தையைப் பார்த்து, பெரும் பதவிகளை ஏற்கப் புறப்படு என்கிறார்.

படி 3: 'அக்ரெஸ்ஸுஸ்' என்றால் 'தாக்கி'

இந்தப் பாடத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். 'ஒப்புக்னோ' (நகரை, கோட்டையைத் தாக்கு) என்ற சாதாரண வினையின் இறந்தகால எச்சம் 'ஒப்புக்னாத்துஸ்', பொருள் 'தாக்கப்பட்ட'. 'அக்ரெஸ்ஸுஸ்' அதே அச்சில் வார்த்ததுபோல இருந்தாலும் பொருள் 'தாக்கி'. லத்தீனின் சாதாரண வினைகளுக்கு 'செய்து' என்ற இறந்தகாலச் செய்வினை எச்சமே கிடையாது. டெபோனென்ட் வினைகளுக்குத்தான் அது உண்டு. தமிழில் பேச்சுக்குப் பேச்சு வினையெச்சம் போடுகிற நமக்கு இது பழகிய வழி.

சீசரின் காலியப் போர்க் குறிப்புகள், முதல் நூல், 12ஆம் பகுதி. கி.மு. 58. ஹெல்வேத்தியர்கள் என்ற இனத்தார் அரார் ஆற்றை (இன்றைய பிரான்சின் சோன்) தெப்பங்களிலும், சேர்த்துக் கட்டிய படகுகளிலும் கடந்துகொண்டிருக்கிறார்கள். நான்கில் மூன்று பங்கினர் அக்கரை சேர்ந்துவிட்டார்கள். சீசர் மூன்று லீஜியன்களோடு (ரோமானியப் படைப்பிரிவுகள்) இரவின் மூன்றாம் சாமத்தில் கிளம்பி, இக்கரையில் மிஞ்சியவர்களை எட்டுகிறார்:

"எயோஸ் இம்பெடீத்தோஸ் எத் இனோபீனன்தேஸ் அட்க்ரெஸ்ஸுஸ் மக்னம் பர்தெம் எயோரும் கொன்கீடித்."

முதலில் முற்றுவினையைப் பிடியுங்கள்: கடைசியில் நிற்கும் 'கொன்கீடித்', 'வெட்டி வீழ்த்தினார்'. யாரை? 'மக்னம் பர்தெம் எயோரும்', அவர்களில் பெரும்பகுதியை. அடுத்து 'அட்க்ரெஸ்ஸுஸ்'. ஆண்பால், ஒருமை, எழுவாய் வேற்றுமை, ஆகவே அது சீசரைச் சேர்ந்தது. 'எயோஸ்' இரண்டாம் வேற்றுமைப் பன்மை, 'அவர்களை'. அதைத் தழுவி நிற்பவை 'இம்பெடீத்தோஸ்' (சுமைகளால் தடைப்பட்டிருந்த), 'இனோபீனன்தேஸ்' (எதிர்பாராதிருந்த).

தமிழில்: "சுமைகளோடு தடுமாறி, எதிர்பாராமல் இருந்த அவர்களைத் தாக்கி, பெரும்பகுதியினரை வெட்டி வீழ்த்தினார்."

'அட்க்ரெஸ்ஸுஸ்'ஸை 'தாக்கப்பட்டு' என்று கொண்டால் அடி வாங்கியவர் சீசர் ஆகிவிடுவார், 'எயோஸ்' சார்ந்து நிற்க இடமின்றித் தனியே தொங்கும். தொங்கும் சொல் கண்ணில் பட்டால் எச்சத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். இன்னொரு கண்ணியும் உண்டு. குறில் போட்டு 'கொன்கிடித்' என்றால் 'விழுந்தான்' என்ற வேறு வினை. லத்தீன் அச்சில் நெடில் குறி பெரும்பாலும் இருக்காது. 'பெரும்பகுதியை' என்ற செயப்படுபொருள் இருப்பதால்தான் இங்கே நெடில் என்று தெரிகிறது.

நம் வினையெச்சத்தோடு ஒரே வேறுபாடு: லத்தீன் எச்சம் பால், எண், வேற்றுமை காட்டும். தாக்கியவள் பெண் என்றால் 'அக்ரெஸ்ஸ', பல ஆண்கள் என்றால் 'அக்ரெஸ்ஸீ'.

படி 4: பொருளைச் செயப்படுபொருளிடம் கேட்டறிதல்

அடிப்படைப் பொருள் 'நோக்கி அடியெடுத்து வை'. எதை நோக்கி என்பதைப் பொறுத்துத் தமிழ்ச் சொல் மாறும். படை, பகைவர், பாசறை என்றால் 'தாக்கு'.

ஆளும் சொற்களும் சேர்ந்து வந்தால் 'பேச்சுக் கொடு'. வெர்ஜிலின் காவியமான ஈனெயிட் நான்காம் நூலில் "தாலிபுஸ் அட்க்ரெடித்துர் வெனெரெம் ஸாத்துர்னிய டிக்தீஸ்" என்று ஒரு வரி. சாட்டர்னின் மகளான ஜூனோ இத்தகைய சொற்களால் வீனஸை அணுகுகிறாள். 'தாலிபுஸ்' முதலிலும் 'டிக்தீஸ்' கடைசியிலும் பிரிந்து கிடந்தாலும் 'இத்தகைய சொற்களால்' என்ற ஒரே தொடர். கைகலப்பு எதுவும் இல்லை, ஆனால் ஜூனோ காரியத்தோடுதான் வருகிறாள். 'சொன்னாள்' என்று மட்டும் பெயர்த்தால் அந்த நோக்கம் போய்விடும்.

ஆளும் பணமும் சேர்ந்தால் லஞ்சம். நுமிடிய மன்னன் ஜுகுர்த்தா ரோமுக்கு அனுப்பும் தூதர்களிடம் எல்லாரையும் 'பெகூனியா' (பணத்தால்) அணுகச் சொல்கிறான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சல்லஸ்ட் எழுதுகிறார்.

வேலை, நூல், திட்டம் என்றால் 'மேற்கொள்', 'தொடங்கு'. இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் தம் 'வரலாறுகள்' முதல் நூலின் 2ஆம் பகுதியில் "ஒபுஸ் அட்க்ரெடியோர்" என்கிறார்: இப்பணியை மேற்கொள்கிறேன். இங்கே 'தாக்குகிறேன்' என்று பெயர்ப்பது பெரும்பிழை.

படி 5: 'தாக்கப்பட்டான்' என்று எழுத வேண்டுமானால்

இந்த வினையை விட்டுவிடுங்கள். செயப்பாட்டு உடையைச் செய்வினைக்கே கொடுத்துவிட்டதால், உண்மையான செயப்பாட்டுக்கு இதனிடம் உருவம் மிஞ்சவில்லை. ஊர், கோட்டை, பாசறை என்றால் 'ஒப்புக்னோ' வைத்து 'ஒப்புக்னாத்துர்' (தாக்கப்படுகிறது) என்று எழுதலாம். ஒப்புக்னோ தாக்குவது மட்டுமே. தாக்கிக் கைப்பற்றுவது 'எக்ஸ்புக்னோ'. இந்த இரண்டையும் குழப்பினால் வீழாத கோட்டை வீழ்ந்துவிடும். ஆட்கள், படைகள் என்றால் 'இம்பெதுஸ் இன் ஹொஸ்தேஸ் ஃபக்துஸ் எஸ்த்': பகைவர்மீது தாக்குதல் நடத்தப்பட்டது. 'அடொரியோர்' என்ற வினையை நாடாதீர்கள். அதுவும் 'தாக்கு' என்று பொருள்படும் டெபோனென்ட் வினைதான், அதே சிக்கல் அதற்கும் உண்டு.

பயிற்சி

1. ஹொஸ்தேஸ் கஸ்த்ர அக்ரெடியுன்துர்.
2. ரெம் மக்னம் அக்ரெடியேமுர்.
3. ஒப்பிடும் ஒப்புக்னாத்துர்.
4. ஃபேமின ஃபூரெம் அக்ரெஸ்ஸ க்லாமாவித்.

விடைகள்: முதலாவது, பகைவர் பாசறையைத் தாக்குகிறார்கள். இரண்டாவது, பெரிய காரியத்தில் இறங்குவோம்; 'யே' வந்ததால் எதிர்காலம். மூன்றாவது, நகரம் தாக்கப்படுகிறது. 'துர்' என்று முடிந்தாலும் ஒப்புக்னோ சாதாரண வினை என்பதால் இது மெய்யான செயப்பாட்டு வினை. நான்காவது, பெண் திருடனைத் தாக்கிக் கூவினாள். 'திருடனை நெருங்கிக் கூவினாள்' என்று எழுதியிருந்தாலும் சரியே. அவள் கையில் தடி இருந்ததா என்பதை முந்தைய வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.